வேறு அடிமானத்தில் எழுதிய முழு எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இருநிலை எண்கள் (0, 1 மட்டும் கொண்டு, அதாவது அடிமானம் 2-இல் எழுதுபவை) பாடத்தைத் தொட்டால் போதும், அதே சந்தேகங்கள் வந்துவிடும். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரும் கேட்கிறார்கள், கல்லூரிக்குப் போய்விட்ட பழைய மாணவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். அடிமானம் எது என்று சொல்லாத இடத்தில் வழக்கமான 10 என்று கொள்ளுங்கள்.

டீச்சர், அடிமானம் என்றால் என்ன? பத்துப் பத்தாக எண்ணாமல் வேறு எப்படி எண்ணுவது?

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று படித்திருப்பீர்கள். (அவற்றில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன, பூங்காவின் கணக்கில் 21 என்றே நிற்கிறது.) 21 என்று எழுதினால் இரண்டு பத்து, மேலே ஒன்று என்று பொருள். பத்துப் பத்தாகக் கட்டுவதற்குப் பதில் ஏழேழாகக் கட்டிப் பாருங்கள். மூன்று கட்டு வரும், மீதி இராது. அதை 30 என்று எழுதுகிறோம். நான்கு நான்காகக் கட்டினால் ஐந்து கட்டும் ஓர் ஒன்றும் வரும். ஆனால் அங்கே 0, 1, 2, 3 ஆகிய இலக்கங்கள் மட்டுமே உண்டு. நான்கு கட்டுகள் சேர்ந்தவுடன் அது பதினாறு என்ற பெரிய கட்டாகிவிடும். ஆகவே ஒரு பதினாறு, ஒரு நான்கு, ஓர் ஒன்று: 111.

எத்தனை எத்தனையாகக் கட்டுகிறோமோ அதுவே அடிமானம். இடமதிப்புகள் அதன் அடுக்குகளாக ஏறும். அடிமானம் 7 என்றால் 1, 7, 49, 343 என்று. எப்படிக் கட்டினாலும் தீவுகள் கூடவில்லை, குறையவில்லை. 21, 30, 111 மூன்றும் ஒரே எண்ணின் வெவ்வேறு எழுத்துருவங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை ஏழடிமானத்துக்கு எப்படி மாற்றுவது?

7-ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் முடிந்தது. பாம்பன் பழைய ரயில் பாலம் திறந்த ஆண்டு 1914. அதை 7-ஆல் வகுத்தால் ஈவு 273, மீதி 3. 273-ஐ வகுத்தால் ஈவு 39, மீதி 0. 39-ஐ வகுத்தால் ஈவு 5, மீதி 4. கடைசியில் 5 நிற்கிறது. விடை 5403.

சரிபார்க்காமல் விடாதீர்கள்: 5 × 343 = 1715, 4 × 49 = 196, ஏழுகள் இல்லை, ஒன்றுகள் 3. கூட்டினால் 1914. நடுவில் வரும் பூஜ்யத்தை விட்டுவிடுவதுதான் தேர்வில் அதிகம் நடக்கும் பிழை.

ஏழடிமானத்தில் 10 என்று எழுதியிருந்தால் அதைப் “பத்து” என்று வாசிக்கலாமா?

வேண்டாம். “ஒன்று, பூஜ்யம்” என்று இலக்கம் இலக்கமாக வாசியுங்கள். எந்த அடிமானத்திலும் 10 என்று எழுதினால் அந்த அடிமானமே வரும்: ஏழில் அது ஏழு, பன்னிரண்டில் பன்னிரண்டு.

பன்னிரண்டில் எழுதினால் பத்துக்கும் பதினொன்றுக்கும் எந்த இலக்கம்?

புது அடையாளம் இரண்டு வேண்டும். பாடநூலின் பதினாறுநிலை எண்களில் ஆங்கில எழுத்துகள் வரும். எங்கள் வகுப்பில் பத்துக்கு “ப”, பதினொன்றுக்கு “ன”. அப்படியானால் 130 என்பது பப (10 × 12 + 10). 131 என்பது பன. எந்த எழுத்து என்பது நம் விருப்பம். ஒரு கணக்கு முழுவதும் அதே எழுத்து இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததுதானே? நம் ஆட்களுக்கு எதற்கு இது?

நம் ஆட்கள் அளந்த அளவே இதுதான். பழைய முகத்தலளவை வாய்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஆழாக்கிலிருந்து நாழி வரை ஒவ்வொரு படியும் இரட்டிப்பு. ஐந்து ஆழாக்கு நெல்லை அளக்க ஓர் உரி, ஓர் ஆழாக்கு போதும், உழக்கு வேண்டாம். இருநிலையில் ஐந்தை 101 என்று எழுதுவதும் இதையேதான் சொல்கிறது. முகத்தலளவை தெரிந்த பாட்டிக்கு இருநிலை எண் புதிதல்ல. பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

குறுணிக்கு 8, கலத்துக்கு 3 என்று நடுவில் கட்டு மாறுகிறதே என்றால், ஆம், அது கலப்பு அடிமானம். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிக் கட்டு. கடிகாரமும் அப்படித்தான்: 60 விநாடி, 60 நிமிடம், 24 மணி. நம் பழைய காலக்கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அறுபதை அடிமானமாக வைத்து முழுக் கணிதமும் செய்தவர்கள் பாபிலோனியர்கள்.

பகா எண்ணை வேறு அடிமானத்தில் எழுதினால் அது பகு எண் ஆகிவிடுமா?

ஆகாது. அப்துல் கலாம் ராமேசுவரத்தில் பிறந்த ஆண்டு 1931. அது பகா எண். 43 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பாருங்கள், மீதி வந்துகொண்டே இருக்கும். ஏழடிமானத்தில் அது 5426. எட்டில் 3613. எழுத்துருவம் எதுவானாலும் 1931 பேரைச் சம நீளமுள்ள பல வரிசைகளில் நிறுத்த முடியாது. ஒரே வரிசை, அல்லது ஆளுக்கொரு வரிசை. நிற்பவர்களுக்கு அடிமானம் தெரியாது.

நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இங்கேதான் தொடங்குகிறது. எண்ணின் குணம் என்று ஒன்று உண்டு, எழுத்தின் குணம் என்று ஒன்று உண்டு. பகா எண்ணா, இரட்டையா, வர்க்கமா, எதனால் வகுபடும் என்பவை எண்ணுக்கே சொந்தம். இலக்கங்களின் கூட்டுத்தொகை, கடைசி இலக்கம், திருப்பி எழுதினால் என்ன வரும் என்பவை நாம் எழுதும் முறைக்குச் சொந்தம். ஒரு புதிய அதிசய எண்ணை யாராவது காட்டினால், இது இரண்டில் எது என்று முதலில் கேளுங்கள்.

1931 ஒற்றை எண். ஆனால் 5426 இரட்டை இலக்கத்தில் முடிகிறது. எங்கேயோ தப்பு இருக்கிறது, டீச்சர்.

தப்பில்லை. கடைசி இலக்கத்தைப் பார்த்து ஒற்றை, இரட்டை சொல்வது 10-க்கு ஏன் பொருந்துகிறது? பத்தும் நூறும் ஆயிரமும் இரட்டை எண்கள். அவை எத்தனை வந்தாலும் இரட்டையே. கடைசி இலக்கம் மட்டும் முடிவு செய்கிறது. ஏழடிமானத்தில் 7, 49, 343 எல்லாம் ஒற்றை. ஆகவே எல்லா இலக்கங்களுக்கும் வாக்கு உண்டு. 5 + 4 + 2 + 6 = 17, ஒற்றை. எனவே எண்ணும் ஒற்றை. அடிமானம் ஒற்றையாக இருந்தால் எப்போதும் இலக்கங்களைக் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

9-ஆல் வகுபடுமா என்று இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிறோமே, அந்த வித்தை ஏழடிமானத்தில் நடக்குமா?

நடக்கும், ஆனால் 9-க்குப் பதில் 6-க்கு. பத்தை 9 + 1 என்று பாருங்கள். ஒவ்வொரு பத்திலிருந்தும் 9-ஐக் கழித்துவிட்டால் 1 மிஞ்சும். நூறிலிருந்து 99 போனாலும் 1. ஆகவே 9-ஆல் வகுக்கும்போது வரும் மீதியும், இலக்கக் கூட்டுத்தொகையை வகுக்கும்போது வரும் மீதியும் ஒன்றே. ஏழு என்பது 6 + 1. அங்கே அதே வேலையை 6 செய்கிறது. 6-க்குப் பொருந்துவது அதன் காரணிகளான 2-க்கும் 3-க்கும் பொருந்தும். முந்தைய பதிலில் ஒற்றை, இரட்டை சொன்ன வழியும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இலக்கங்களைக் கூட்டி, கழித்து, கூட்டி, கழித்து 11-ஐச் சோதிப்போம் அல்லவா? ஏழில் அது 8-ஐச் சோதிக்கும். பொதுவாக, கூட்டினால் அடிமானத்துக்கு ஒன்று குறைந்த எண், மாற்றி மாற்றிக் கழித்தால் ஒன்று கூடிய எண்.

எங்கள் படகுக்குக் கிடைத்த எண்ணின் கூட்டெண் 8. எட்டு ஆகாது, மாற்றச் சொல்லுங்கள் என்கிறார்கள். கணக்கு தெரிந்தவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். கடலுக்குப் போகிறவர்களின் அச்சம் விளையாட்டானதல்ல. கணக்கு சொல்வதை மட்டும் சொல்கிறேன். கூட்டெண் என்பது எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதி (மீதி 0 என்றால் 9). காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. அந்த 9 எங்கிருந்து வந்தது? பத்தில் ஒன்று குறைத்ததால் வந்தது. பத்து எங்கிருந்து வந்தது? நம் கைவிரல்களிலிருந்து.

அடிமானத்தை மாற்றினால் கூட்டெண்ணும் மாறும். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-இல். 1 + 9 + 8 + 8 = 26, 2 + 6 = 8. அதே 1988 ஏழடிமானத்தில் 5540. அங்கே கூட்டெண் 2. எட்டடிமானத்தில் 3704, கூட்டெண் 7. இருநிலையிலோ பூஜ்யம் தவிர எந்த எண்ணை எழுதினாலும் கூட்டெண் கடைசியில் 1-தான், ஏனென்றால் எதையும் 1-ஆல் வகுத்தால் மீதி கிடையாது. எந்த எண்ணும் எட்டைத் தனக்குள் சுமந்துகொண்டு வரவில்லை. நமக்கு எட்டு விரல்கள் இருந்திருந்தால் கூட்டெண் 8 என்ற ஒன்றே இருந்திராது.

எண்ணை மாற்ற அலைந்து செலவழிக்கும் பணத்தில் உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள். எட்டு கூட்டெண் கொண்ட ஆண்டில் திறந்த பாலத்தின் மேல்தான் தீவிலிருந்து நாமெல்லாம் போய்வருகிறோம்.

ராமேசுவரம் கோயில் பிராகாரத்தில் 1212 தூண்கள் என்கிறார்கள். 12, 12 என்று அமைந்ததில் ஏதாவது இருக்கிறதா?

அந்த இரட்டை அமைப்பு எழுத்தின் குணம். மூன்றாம் பிராகாரத்தின் அதே தூண்களை ஏழடிமானத்தில் எண்ணினால் 3351. அமைப்பு கரைந்துவிட்டது. தூண்களின் அழகு கரையவில்லை, அது கல்லில் இருக்கிறது.

ஆனால் இந்த வடிவத்தில் ஒரு நல்ல கணக்கு உண்டு. 1212 = 12 × 101. இதை எந்த அடிமானத்தின் எழுத்தாக வாசித்தாலும் பெருக்கல் பிழைக்காது. அடிமானம் 3-இல் 1212 என்றால் ஐம்பது. 12 என்றால் ஐந்து. 101 என்றால் பத்து. ஐந்து பத்து ஐம்பது. பெருக்கும்போது “கைவசம்” எதுவும் ஏறாததால் இப்படி நடக்கிறது. இதே காரணத்தால் 121 என்பது 3-உம் அதற்கு மேலும் உள்ள எல்லா அடிமானங்களிலும் 11-இன் வர்க்கம். 144 என்பது 5 முதல் எல்லாவற்றிலும் 12-இன் வர்க்கம். 169-க்கு அடிமானம் குறைந்தது 10 வேண்டும், 9 என்ற இலக்கம் அதில் இருப்பதால்.

அப்படியானால் ராமானுஜனின் 1729? அது எண்ணின் குணமா, எழுத்தின் குணமா?

இரண்டும் அதில் இருக்கிறது, அதனால்தான் அது நல்ல பாடம். 1729 = 1³ + 12³ = 9³ + 10³. இரண்டு மிகை முழுக்களின் கனங்களின் கூட்டாக இரண்டு வழியில் வரும் எண்களில் மிகச் சிறியது. ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியிடம் ராமானுஜன் சொன்னது இதைத்தான். இது எண்ணின் குணம், எந்த அடிமானத்திலும் நிற்கும். இன்னொன்றும் சொல்வார்கள்: 1 + 7 + 2 + 9 = 19; 19-ஐத் திருப்பினால் 91; 19 × 91 = 1729. அழகுதான், ஆனால் அது பத்தடிமானத்துக்கு மட்டும் சொந்தம். பன்னிரண்டில் 1729-இன் இலக்கங்களைக் கூட்டினால் 2. ஒற்றை எண் 2-ஆல் வகுபடவே படாது.

அந்தப் பன்னிரண்டடிமானத்தில் 1729-ஐ எழுதிப் பாருங்கள்: 1001. பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் கண்ணெதிரே நிற்கின்றன. வழக்கமான 1729-இல் ஆயிரத்தை எடுத்துவிட்டால் 729, அதாவது 9³. பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் நிற்கின்றன. ஒரே எண்ணின் இரண்டு பிரிவுகளை இரண்டு அடிமானங்கள் ஆளுக்கொன்றாகக் காட்டிக்கொடுக்கின்றன. அடிமானம் எண்ணுக்குப் புதுக் குணம் எதையும் தருவதில்லை. இருப்பதைப் பார்க்க நல்ல வெளிச்சம் தருவது உண்டு. 6, 28, 496 ஆகியவை தம்மைவிடச் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமானவை; இவற்றை நிறைவெண்கள் என்பார்கள். இருநிலையில் அவை 110, 11100, 111110000. ஒன்றுகள் எத்தனையோ, அதற்கு ஒன்று குறைவாகப் பூஜ்யங்கள். இரட்டை நிறைவெண் எல்லாமே இந்த வடிவில்தான் இருக்கும்.

கப்ரேகர் எண் 6174 எல்லா அடிமானத்திலும் வருமா?

வராது. நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த தத்தாத்ரேய கப்ரேகர் கண்டது இது: இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழித்துக்கொண்டே போனால் 6174-இல் வந்து நிற்கும். 1914-ஐ எடுத்தால் 8262, 6354, 3087, 8352, 6174.

அடிமானம் 5-இல் இந்த வேலையைச் செய்தால் 3032 என்ற எண் தன்னிடமே திரும்பும்: 3320 − 0233 = 3032. இருநிலையில் நிற்குமிடம் இரண்டு: 0111, 1001. பிள்ளைகளுக்கு இருநிலையை முதலில் கொடுங்கள். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

என் தம்பியின் சைக்கிள் டோக்கன் எண் 585. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒன்றுதான். வேறு அடிமானத்திலும் இப்படி இருக்குமா?

பொதுவாக இருக்காது, இது எழுத்தின் குணம். ஆனால் தம்பிக்குக் கிடைத்தது அருமையான எண். 585 = 512 + 64 + 8 + 1. இருநிலையில் 1001001001. முன்பின் ஒத்துவருகிறது. எட்டடிமானத்தில் 1111. இருநிலை இலக்கங்களை வலமிருந்து மூன்று மூன்றாகச் சேர்த்தால் எட்டடிமான இலக்கங்கள் கிடைக்கும் என்பதால் இந்த இரண்டும் உறவு. அடிமானம் 4-இல் மட்டும் எழுதிப் பாருங்கள்: 21021. திருப்பினால் 12012. போய்விட்டது.

ஏதாவது ஓர் அடிமானத்தில் எல்லா எண்ணும் இப்படி முன்பின் ஒத்துவருமா?

வெறுமனே கேட்டால் “வரும்” என்பதே விடை, ஆனால் அது ஏமாற்று. எண்ணைவிட ஒன்று குறைந்த அடிமானத்தில் எல்லா எண்ணும் 11. எண்ணைவிடப் பெரிய அடிமானத்தில் ஒரே இலக்கம். 22-ஐ அடிமானம் 21-இல் எழுதினால் 11 என்பதில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. ஆகவே எண்ணுக்கு இரண்டு குறைந்த அடிமானம் வரை மட்டும் பார்ப்போம் என்று விதி வைக்கிறார்கள்.

இப்போது கேள்வி உயிர்பெறுகிறது. 21 = 3 × 7. ஏழுக்கு ஒன்று குறைத்து அடிமானம் 6-இல் எழுதுங்கள்: 33. மூன்று ஏழு என்பது மூன்று ஆறும் மூன்று ஒன்றும்தானே. ராமேசுவரம் கோயிலுக்குள் உள்ள தீர்த்தங்கள் 22. 22 = 2 × 11; பதினொன்றில் ஒன்று குறைத்தால் அடிமானம் 10; அதில் 22. நாம் தினமும் எழுதும் 22-இன் இரட்டை உருவத்துக்கும் இதுவே காரணம். இரண்டு காரணிகளுக்கும் இடையே குறைந்தது 2 வித்தியாசம் இருந்தால் இந்த வழி எப்போதும் பலிக்கும். 25, 49 போன்ற பகா எண் வர்க்கங்களுக்கு வேறு வழி: 25-ஐ அடிமானம் 4-இல் எழுதினால் 121. மிஞ்சும் 9-க்கு இருநிலையில் 1001.

ஆக 6-ஐவிடப் பெரிய எந்தப் பகு எண்ணும் எங்கேயோ ஓரிடத்தில் முன்பின் ஒத்துவிடும். எங்கேயும் ஒத்துவராத எண்கள் உண்டு: 11, 19, 47, 53, 79, 103 என்று போகும். எல்லாம் பகா எண்கள். 19-ஐ அடிமானம் 2 முதல் 17 வரை எழுதிப் பாருங்கள்: 10011, 201, 103, 34, 31, 25… ஒன்றும் ஒத்துவராது. ஒரே ஓர் அடிமானத்தில் முன்பின் ஒத்துவருவது எழுத்தின் குணம் என்றேன். எல்லா அடிமானங்களையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டால் எழுத்து விலகிக்கொள்கிறது. விடை எண்ணின் குணமாகவே வந்து நிற்கிறது. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இலக்கம் மைனஸாக இருக்கலாமா? அப்படி ஒரு முறை உண்டு என்று கல்லூரியில் சொன்னார்கள்.

உண்டு. கருவாட்டுக் கடைத் தராசில் 1, 3, 9, 27 கிலோ படிக்கற்கள் மட்டும் இருக்கட்டும். கல்லை எந்தத் தட்டிலும் வைக்கலாம் என்றால் 1 முதல் 40 கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுத்துவிடலாம். 21 கிலோ நெத்திலிக்கு: ஒரு தட்டில் 27-உம் 3-உம்; கருவாடு இருக்கும் தட்டில் 9. அதாவது 27 − 9 + 3. அடிமானம் 3, ஆனால் இலக்கங்கள் 0, 1, 2 என்பதற்குப் பதில் −1, 0, 1. பிரெஞ்சுக் கணிதர் பாஷே இந்த எடைக்கல் புதிரை 1612-இல் வெளியிட்டார்.

இது வெறும் புதிராக நின்றுவிடவில்லை. 1958-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் புருசென்ட்சொவ் குழுவினர் உருவாக்கிய செதுன் என்ற கணினி இந்த முறையில்தான் வேலை செய்தது. இதில் குறை எண்ணுக்குத் தனிக் குறி வேண்டாம். ஒவ்வோர் இலக்கத்தின் குறியையும் மாற்றிவிட்டால் போதும், இரண்டு தட்டுகளையும் இடம் மாற்றியதற்குச் சமம்.

இலக்கம் மைனஸ் என்றால், அடிமானமே மைனஸ் ஆனால் என்ன ஆகும்?

நன்றாகவே நடக்கும். இத்தாலியரான விட்டோரியோ குரூன்வால்ட் 1885-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிமானம் −10 என்றால் இடமதிப்புகள் 1, −10, 100, −1000. அப்போது 21-ஐ 181 என்று எழுத வேண்டும்: 100 − 80 + 1. −21 என்பது 39: −30 + 9. கழித்தல் குறி எங்கும் தேவைப்படவில்லை. இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை என்றால் மிகை எண், இரட்டை என்றால் குறை எண்.

மாற்றும் முறை இரண்டாம் கேள்வியில் சொன்னதுதான். மீதி மட்டும் எப்போதும் 0 அல்லது அதற்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அடிமானம் −2-இல் 22-ஐ எழுதினால் 1101010 (64 − 32 − 8 − 2). 21 மட்டும் சலுகை பெற்றது: 16, 4, 1 மூன்றும் இரட்டை அடுக்குகள் என்பதால் அடிமானம் 2-இலும் −2-இலும் அது 10101-தான்.

21 நான்கடிமானத்தில் 111 என்றீர்கள். வேறு இரண்டு அடிமானங்களில் எல்லாம் ஒன்றாகவே வரும் எண் உண்டா?

21-க்கு இன்னோர் இடம் அடிமானம் 20-இல் 11. ஆனால் ஈரிலக்க 11 எல்லா எண்ணுக்கும் கிடைக்கும் என்று மேலே பார்த்தோம், அதைச் சேர்க்கக் கூடாது. குறைந்தது மூன்று ஒன்றுகள் என்று கேட்டால், 31 உண்டு: அடிமானம் 5-இல் 111 (25 + 5 + 1), இருநிலையில் 11111. அடுத்தது 8191: அடிமானம் 90-இல் 111 (8100 + 90 + 1), இருநிலையில் பதின்மூன்று ஒன்றுகள்.

மூன்றாவது எண்ணை இதுவரை யாரும் கண்டதில்லை. இந்த இரண்டைத் தவிர வேறில்லை என்பது பெல்ஜியத்தைச் சேர்ந்த ரெனே கூர்மாக்டிக்கின் ஊகம். அவர் 1917-இல் இதைப் பற்றி எழுதினார். இன்றுவரை நிரூபணம் இல்லை. தேடிப்பார்க்க விரும்புகிறவர்கள் ஒவ்வோர் அடிமானத்துக்கும் 111, 1111, 11111 என்று நீண்டுகொண்டே போகும் எண்களின் மதிப்பை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: அடிமானம் 2-க்கு 7, 15, 31, 3-க்கு 13, 40, 121, 4-க்கு 21, 85, 341, 5-க்கு 31, 156, 781. ஒரே எண் இரண்டு வரிசைகளில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 31 உடனே கண்ணில் படும். 8191-ஐப் பிடிக்கத் தொண்ணூறாவது அடிமானம் வரை போக வேண்டும். அதற்குக் கணினி ஆய்வகத்தில் பத்து வரி நிரல் போதும்.